ஏழாம் கட்டிலின் நாடி

எந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பும் அதன் மண்டையில் விரலால் இரண்டு தட்டு தட்டுவார். "வந்துட்டேன், ஒழுங்கா இரு" என்று அதனிடமே சொல்லிவிட்டுத்தான் கீபோர்டில் கை வைப்பார். முதலில் அடிக்கும் வார்த்தை எப்போதும் ஒன்றேதான்: பிங். மறுமுனையில் இருக்கும் இயந்திரத்தை 'இருக்கியா?' என்று கேட்கும் கட்டளை அது. இருந்தால் பதில் வரும். அதனால் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் அவருக்கு அங்கே எல்லோரிடமும் பெயர் பிங் அக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

கண்ணாடியின் உடைந்த காலைச் சிவப்பு ஒயரால் சுற்றிக் கட்டியிருப்பார். கேபிள் உறையைப் பல்லாலேயே உரிப்பார். இரண்டாம் மாடிப் பல் டாக்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு ஃபோன் போகும். "இருக்கீங்களா?" "ம், இருக்கேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். "கட்டுன புருஷனையும் பிங் பண்றா" என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

போன வாரம் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே நர்ஸ் மேசையில் பன்னிரண்டு சின்னத் திரைகள், கட்டிலுக்கு ஒன்று. ஏழாம் கட்டில்காரர் குணமாகி விடிந்ததுமே வீட்டுக்குப் போய்விட்டார். விரிப்பு மாற்றியாயிற்று, கட்டில் காலி. ஏழாம் திரையில் மட்டும் நாடி எழுபத்தாறு. பச்சைக் கோடு தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸ் பெண்கள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. "அங்க யாரோ படுத்திருக்காங்கக்கா. விரிப்புல பள்ளம் தெரியுது" என்றாள் ஒருத்தி, சிரிக்காமல். அக்கா போய்ப் பார்த்தார். பள்ளம் இருக்கத்தான் செய்தது. கையால் தடவிச் சமமாக்கிவிட்டு, கொஞ்சம் வேகமாகவே திரும்பி வந்தார்.

"போன மாசமும் இப்படித்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். பண்ணிட்டுப் போம்மா" என்றார் ஹெட் சிஸ்டர்.

"அதைப் பண்ணிட்டுத்தானே எப்பவும் என்னைக் கூப்பிடுறீங்க. நான் வர்றப்ப நல்ல புள்ளையா உக்காந்திருக்கு."

இந்த முறை யாரையும் தொட விடவில்லை. பிங் அடித்தார். பதில் இல்லை. திரைக்குப் பின்னாலுள்ள பெட்டியில், கட்டிலோடு இணைப்புக் கொடுக்கும் நெட்வொர்க் கார்டின் விளக்கோ பச்சையாக எரிந்தது. தரை துடைக்கும் அம்மா தயங்கித் தயங்கி வந்தார். "விடியக்காலைல, அவரு கிளம்பறதுக்கு முன்னாடி, ஒயரு கால்ல மாட்டிக் கழண்டுச்சு பாப்பா. உடனே சொருகிட்டேன். லைட்டுகூட வந்துச்சே."

அக்காவுக்கு விஷயம் பிடிபட்டது. இணைப்பு அறுந்ததும் கார்டை இயக்கும் டிரைவர் என்கிற நிரல் அப்படியே உறைந்துவிடுகிறது. ஒயரைத் திரும்பச் சொருகினாலும் விழிப்பதில்லை. விளக்கு எரிவதை நம்பி, திரை கடைசியாக வந்த துடிப்பையே திரும்பத் திரும்ப வரைகிறது. பன்னிரண்டு பெட்டியிலும் அதே கார்டு, அதே டிரைவர். அவர் ஹெட் சிஸ்டரிடம் திரும்பினார்.

"காலிக் கட்டில்ல நாடி தெரிஞ்சா போகட்டும் சிஸ்டர். ஆளு படுத்திருக்கறப்ப நடந்தா? அங்க மூச்சு நின்னிருக்கும், இங்க எழுபத்தாறு ஓடிட்டிருக்கும்."

"பயமுறுத்தாதம்மா. பன்னெண்டையும் நிறுத்தணும்னா மேல கேக்கணும்."

"இப்ப நிறுத்த வேணாம். பாருங்க, போதும்."

ஏழாம் பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். போய் ஏழாம் கட்டிலில் உட்கார்ந்து, நாடி பார்க்கும் கிளிப்பைத் தன் விரலிலேயே மாட்டிக்கொண்டார். "எண்பத்தொண்ணு" என்று மேசையிலிருந்து சிஸ்டர் குரல் கொடுத்தார். துடைக்கும் அம்மா ஒயரைப் பிடுங்கி, மறுபடி சொருகினார். அக்கா கிளிப்பைக் கழற்றித் தலையணைமேல் வைத்துவிட்டு மேசைக்கு நடந்து வந்தார்.

ஏழாம் திரையில் எண்பத்தொன்று. அவர் இங்கே நிற்கிறார், கட்டிலில் யாரும் இல்லை, அவருடைய நாடி மட்டும் அங்கே படுத்தபடி துடித்துக்கொண்டிருந்தது.

ஹெட் சிஸ்டர் எழுந்தே விட்டார். "எல்லாரும் கட்டிலுக்குப் போங்க. ஆளுக்கு ரெண்டு. கையால நாடி புடிச்சுச் சொல்லுங்க."

எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. திரையோடு ஒத்துப்போயின. பிறகு ஒரு பெண்ணின் குரல் உடைந்தது. "சிஸ்டர், மூணுல நூத்திநாப்பது."

மூன்றாம் திரை அறுபத்தெட்டு என்றது; அதன் ஒயரும் எப்போதோ கழன்று மாட்டப்பட்டிருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக அப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததோ, யாருக்கும் தெரியாது. டாக்டர் ஓடிவந்தார். ஊசி போட்டு, பக்கத்திலேயே நின்று, அரைமணி நேரத்தில் அந்த மனிதரை மீட்டெடுத்தார்கள். சிஸ்டர் நேராக அக்காவிடம் வந்தார். "பன்னெண்டையும் நிறுத்தும்மா. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அக்கா புது டிரைவரை எடுத்துவந்து ஏழாம் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். திரையில் இன்னும் அவருடைய எண்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கும் பொத்தான்மேல் வலது விரல் போய் நின்றது. மண்டையில் தட்ட மறந்துவிட்டார். இடது கையின் இரண்டு விரலைக் கழுத்தோரம் வைத்துத் தேடி, துடிப்பு கிடைத்த பிறகுதான் பொத்தானை அழுத்தினார்.