ஓக் மரத்தடியில் பிடுங்கிய கீரை

அந்தத் தோப்பைப் பராமரித்தவர்களே, என் மகளுக்கு விஷம் கொடுத்தது நீங்கள்தான்.

தொண்ணூறுகளில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து கிளென் ஈடன் என்ற புறநகரில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஓக் மரத் தோப்பு. முதலில் வந்து குடியேறிய வெள்ளைக்காரர் அங்கே நின்ற கவுரி என்ற அந்த நாட்டுப் பெருமரங்களை வெட்டி விற்றுவிட்டு, தங்கள் இங்கிலாந்துக் காடு வேண்டுமென்று நட்டது அது. அதன் ஓரத்தில் மணத்தக்காளி தானாக முளைக்கும். மகளுக்கு வாய்ப்புண் வந்தால் அதைப் பிடுங்கித்தான் சமைப்போம்.

அன்றும் பிடுங்கினோம். "இஞ்ச பாருங்கோ, மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ மணக்குது," என்றாள் மனைவி.

"பக்கத்து வீட்டுக்காரன் மெஷின் போட்டுப் புல்லு வெட்டுறான். உமக்கு எல்லாம் மணக்கும்," என்றேன்.

மத்தியானம் மகள் சாப்பிட்டாள். பொழுதுபடுவதற்குள் வாந்தி. மறுநாள் போய்ப் பார்த்தால் தோப்பின் ஓரம் முழுக்கக் கருகிச் சுருண்டிருந்தது. களைக்கு மருந்து அடித்திருக்கிறீர்கள். எச்சரிக்கைப் பலகை ஒன்றுகூட இல்லை.

மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் என்ன மருந்து என்று டாக்டர் கேட்டபோது நீங்கள் சொல்லவில்லை. "காட்டுச் செடியை யார் தின்னச் சொன்னது?" என்று எங்களைக் கேட்டீர்கள். நாங்கள் தின்றது கீரை. இத்தனை வருடம் கழித்தும் கேட்கிறேன், நீங்கள் அடித்தது என்ன? ஊர் மண்டபத்துக்கு வந்து, எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள்.