தம்பி யாருடைய ஆள்?

மைசூர் விஜயநகரில் எங்கள் எதிர்வீட்டு நஞ்சுண்டப்பா, ஒன்பது வருடங்களாகக் காலையில் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்தார். "திண்டி ஆய்த்தா?" காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். வந்த புதிதில், இல்லை என்றால் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாரோ என்று பயந்து, பசியோடு நின்றாலும் "ஆய்த்து" என்பேன். அது கேள்வியல்ல, வணக்கம் என்று புரிய ஒரு வருடம் பிடித்தது. பிறகு ஒருநாள், பத்திரிகையும் கையுமாக வாசலில் நின்றவர் வேறொன்று கேட்டார்.

"ஏன்மா, நிம்ம ஊரிகெ சைனா ஹடகு பந்திதெயந்தெ?"

எங்கள் ஊருக்குச் சீனக் கப்பல் வந்திருக்கிறதாம். குரலில் கோபமில்லை. ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டவள் நான்தான் என்பதுபோல ஒரு வருத்தம் இருந்தது. கப்பல் வந்தது இலங்கையின் தென்கரைக்கு, என் ஊர் வடகோடியில் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விளக்கினேன். "எல்லா ஒந்தே அல்வா?" என்று சிரித்துவிட்டுப் போனார். எல்லாம் ஒன்றுதானே.

என்னுடையது யாழ்ப்பாணக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். படிக்க மைசூர் வந்தவள், கொள்ளேகால் தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே தங்கிவிட்டேன். தம்பி ரூபன் ஊரில் கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர். அக்கரையிலிருந்து, அதாவது நான் வாழும் இந்தியாவிலிருந்து, இழுவைப்படகுகள் வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போனபோது, வள்ளங்களில் கறுப்புக்கொடி கட்டிக் கடலுக்குப் போனவன் அவன். எங்கள் தமிழ்க் கட்சி அரசியல்காரர் ஒருவர் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, டெல்லியைக் கோவப்படுத்தாதையும். அவையை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றாராம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டெல்லியை எதிர்ப்பவன் என்பதால், சீனாவின் ஆள் என்ற பெயர் அன்றே அவனுக்கு விழுந்தது.

அடுத்த வருடம் ஊர்க்குடாவில் கம்புகள் நட்டு, வலையடைத்து, சீனர்கள் விரும்பி உண்ணும் கடலட்டைக்குப் பண்ணை போட்டார்கள். பின்னால் இருப்பது சீனப் பணம் என்று பேச்சு. ஆழமில்லாத அந்தத் தண்ணீரில்தான் வள்ளமில்லாதவர்கள் இறால் பிடித்துப் பிழைத்தார்கள். ரூபன் அதையும் எதிர்த்தான். கொழும்பு அரசாங்கத்தோடு நின்றவர்கள் இப்போது அவனை இந்தியாவின் ஆள் என்றார்கள்.

"ஏன்டா ரெண்டு பக்கத்தோடயும் மோதுறாய்?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"நான் ஆரோடயும் மோதேல்லை, அக்கா. அவை மோதுற இடத்தில எங்கட வலை கிடக்குது."

பிரதேச சபைத் தேர்தலில் அவன் நின்றான். உதவிக்குப் போக நான் பயணச்சீட்டு எடுத்திருந்தேன். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது அழைத்தான். வாசிகசாலைக் கூட்டத்தில் எதிர்த்து நிற்பவர் சொன்னாராம்: "இவரின்ர அக்கா மைசூரில இருக்கிறா. இவர் யாற்ற ஆள் எண்டு நீங்களே யோசியுங்கோ."

"நீங்கள் இப்ப வரவேண்டாம், அக்கா," என்றான். பெரிய நாடுகளின் போட்டி சின்ன நாட்டுக்குள் கப்பலாகவும் கடனாகவும் வரும் என்று பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அது இப்படி வந்தது.

அடுப்படியில் அழுதுகொண்டிருந்த என்னிடம் கணவர் வந்து, "விடும்மா. உன்னை வேண்டாம்னு சொல்லல அவன். உன் விலாசத்துக்குப் பயப்படறான்," என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அந்த விலாசமும் நான்தானே.

ரூபன் வென்றான். சபையில் இரண்டு தீர்மானங்கள் கொண்டுவந்தான்: இழுவைப்படகுகளுக்கு எதிராக ஒன்று, பண்ணைவேலிக்கு எதிராக ஒன்று. ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் ஆதரிக்கிறோம் என்று இரண்டு பக்கத்தாரும் தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள். அவன் கேட்கவில்லை. இரண்டையும் வழிமொழிய ஒருவரும் எழவில்லை.

அதன்பிறகுதான் போனேன். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, ரூபன் என்னைச் சிறுவள்ளத்தில் ஏற்றி, கோல் ஊன்றிக் குடாவுக்குள் கொண்டுபோனான். பண்ணைவேலிக்கும் கரையோரக் கண்டல் மரங்களுக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு வழி விட்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவரப்போவதாகச் சொன்னான். இந்தமுறை கிழவர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர், வழிமொழிகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"ஹௌதா?" என்றேன்.

அவன் கோலை நிறுத்தித் திரும்பினான். "என்ன சொன்னீங்கள்?"

"உண்மையாவோ எண்டு கேட்டனான்."

சொந்தத் தம்பிக்கு என் கன்னடத்தை நான் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. அவன் சிரிக்கவில்லை. "ஓம், உண்மையாத்தான்," என்றான். அதற்குள் நீரோட்டம் வள்ளத்தை மெல்லத் திருப்பியிருந்தது. என் முகம் கரையையும் அவன் முகம் கடலையும் பார்த்திருக்க, வள்ளம் அந்த வழிக்குக் குறுக்காக நின்றது.