அன்டனுக்காக எழுதிய உச்சஸ்தாயி

புலம்பெயர்ந்து வந்த பிரெஞ்சு பேசும் குளிர்தேச நகரில், டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலையில் கிறகரி நெடுங்காலம் நின்றார். விமானங்களின் இரைச்சல் அவருடைய செவிப்புலனை மெல்ல மெல்லத் தின்றது. மனைவி இமெல்டாவுக்கு மட்டும் அது தெரியும். முன்பு தன் இசையை வாசித்த வாத்தியக்காரர்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அவர் ஜாஸ் இசை எழுதினார். வேலை முடிந்து வந்து, பிக் பாண்ட் எனும் பெரிய வாத்தியக் குழுவுக்காக, எந்த வாத்தியம் எந்த இடத்தில் நுழைவது என்று பிரித்துப் பிரித்து எழுதினார். ட்ரம்பெட் வரிசையில் முதல் ஆள் மன்னார் அன்டன். அவனுடைய மூச்சை நம்பித்தான், மற்றவர்கள் தயங்கும் உயரத்துக்குச் சுரங்களை ஏற்றினார். ஒரு குளிர்காலம் தேவாலய மண்டபத்தில் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். எந்தக் கம்பனியும் வாங்கவில்லை. குழு கலைந்தது.

2007ஆம் ஆண்டு, பதிவு செய்தவரின் வீட்டு நிலவறையில் அந்த நாடாக்கள் அகப்பட்டன. சிறிய நிறுவனமொன்று குறுந்தட்டாக வெளியிட முன்வந்தது. அன்டன் மாரடைப்பில் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவனை இன்னொரு தடவை கேட்கலாம் என்ற ஆசையில் கிறகரி மகள் ஷெரோனுடன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்.

டிரம்ஸ் கேட்டது. பாஸ் கேட்டது. ட்ரொம்போன்கள் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தன. அன்டன் ஏற வேண்டிய இடத்தில் ஒன்றுமேயில்லை. நாடா பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தார். பக்கத்தில் ஷெரோன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பழுது நாடாவில் இல்லை, உயர்ந்த சுரங்கள் எட்டாத தன் காதில்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த உருப்படி இரண்டு முறை பதிவாகியிருந்தது. எதைப் போடுவது என்று ஒலிப்பதிவாளர் பிரெஞ்சில் கேட்டார். கிறகரி மகளின் பக்கம் குனிந்தார்.

"எனக்கு அவன் ஊதுறது கேக்கேல்லை பிள்ளை. நீ சொல்லு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, "முதலாவதிலை கடைசியிலை சுரம் உடையுது அப்பா. ரெண்டாவது நல்லாப் போகுது," என்றாள்.

"அப்ப ரெண்டாவதைப் போடச் சொல்லு. உடைஞ்சதைக் கேட்டா அவன் தாங்கமாட்டான்."

வெளியீட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அன்டனின் மனைவி றொசானா புரோசார்டிலிருந்து தனியாக பஸ் எடுத்து வந்திருந்தாள். அந்த உருப்படி முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிறகரியிடம் வந்தாள்.

"மேலை போய் எவ்வளவு நேரம் நிக்கிறார், என்ன அண்ணை?"

"ஓம்," என்றார் கிறகரி. "வடிவா நிக்கிறான்."

திரும்பி வரும்போது மெத்ரோ ரயிலில் ஷெரோன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். குறுந்தட்டை அவர் வீட்டில் ஒருநாளும் போடவில்லை.