ரோலில் மிஞ்சிய படங்கள்

என் வீட்டுக்காரர் மல்லசமுத்திரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கேமராவோடு போவார். திரும்பும்போது பிலிம் ரோலில் ஒன்றிரண்டு படம் மிஞ்சியிருக்கும். ரோல் முடிந்தால்தான் கழுவ முடியும். கல்யாண வீட்டாரோ மறுநாளே வந்து நிற்பார்கள். அதனால் வழியில் டீ குடிக்க இறங்கும் கடையையே படமெடுத்து ரோலை முடித்துவிடுவார்.

யாரும் கேட்காத அந்தப் படங்கள் எனக்கு வந்து சேர்ந்தன.

மத்தியானம் மாமியார் கண் அயர்ந்ததும் அவற்றை ஜன்னலோரம் பரப்பிக்கொள்வேன். வெண்ணந்தூர் இட்லிக் கடை, ராசிபுரம் பாதையில் ஒரு கீற்றுக் கொட்டகை, நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் ஓட்டல். கறுப்பு வெள்ளையில் சாம்பாருக்கு நிறம் கிடையாது, நானாகக் கொடுத்துக்கொள்வேன். பார்த்துக்கொண்டே இருந்தால் கல்லில் மாவு விழும் ஓசை கேட்கும். நிமிரும்போது வாசலில் நிழல் இடம் மாறியிருக்கும். பிறகு படத்தின் பின்பக்கம் பென்சிலால் கவிதை எழுதுவேன்.

இத்தனைக்கும் நான் ஓட்டலுக்குள் கால் வைத்ததே இல்லை. எங்கள் பக்கம் தோட்டங்காட்டுக் குடும்பத்துப் பெண்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். ஒருமுறை ஆசையைச் சொன்னதற்கு, "ஊட்ல அடுப்பெரியலையான்னு ஊரே கேக்கும் சாமி" என்றார் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் சண்டை போடவும் வழியில்லை. ஆசை மட்டும் அப்படியே கிடந்தது. ஒரே ஒரு தடவை படத்தில் இருக்கும் அந்த பெஞ்சில் உட்கார வேண்டும்.

எல்லாப் படத்திலும் பெஞ்சு காலியாகவே இருக்கும். அந்த வெறுமையில்தான் நான் மயங்கிக் கிடந்தேன். நாமக்கல் ஓட்டலுக்கு எழுதியது இது:

ஆளில்லாத பெஞ்சில்
வெயில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
என்ன வேணும் என்று கேட்க
ஒருவரும் வரவில்லை.

எழுதிவிட்டு நானே அழுதேன். அந்த வெயில் நான்தான், வேறு யார்?

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். படமெடுப்பவருக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். அன்று அதுவும் முடிந்துபோயிருந்தது. அவருக்காகக் காத்திருந்த எனக்கும் சோறில்லை. பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது தலை சுற்றியது. என் முகத்தைப் பார்த்தவர், "வா அம்மணி" என்று எதிரே இருந்த ஓட்டலுக்குள் கூட்டிப்போனார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது என் ஓட்டல்.

உள்ளே ஒரே இரைச்சல். லாரி பாடி கட்டும் பட்டறை ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் நகர்ந்து பெஞ்சில் ஓரமாக இடம் விட்டார்கள்.

"ஏனுங்க, உங்க படத்துல ஒருத்தருமே இருக்க மாட்டாங்களே?" என்றேன்.

"ஆளுங்க இருந்தா ஆளுக்கொரு படம் கேப்பாங்க. கூட்டம் கலையறவரைக்கும் பாத்திருந்துதான் எடுக்கறது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாராவது ஓசியில் படம் கேட்டுவிடுவார்களோ என்று இவர் பயந்ததற்கு, மூன்று வருஷமாக நான் கண்ணீர் விட்டிருக்கிறேன். அதற்குள் தோசை வந்தது. ஓரம் முறுகல், நடுவில் மெத்தென்று இருந்தது. இரண்டாவது வாயில் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ரோல்ல மிச்சம் இருக்குதுங்களா?"

"ஒண்ணு இருக்குது."

"இப்பவே எடுங்க."

"எல்லாரும் கேப்பாங்க அம்மணி."

"கேட்டாக் குடுங்க."

எழுந்து தள்ளி நின்று எடுத்தார். எடுத்த கையோடு பக்கத்திலிருந்த பட்டறைக்காரர், "நம்முளுக்கும் ஒண்ணு குடுத்துருங்க" என்று பட்டறைக்கு வழி சொன்னார். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுவாரம் அந்தப் படத்தை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக, வழக்கம்போல் வெயிலைத் தேடினேன். பெஞ்சில் அதற்கு இடமில்லை. வாய் நிறையத் தோசையோடு நான் உட்கார்ந்திருந்தேன்.