எட்டு மாநிலங்கள், நாலு எனக்கு

செவ்வாய்க்கிழமை காலை, முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் ஒரு பாட்டிக்குக் காலை உணவு ஊட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. கொலோனிலிருந்து பவானி அக்காவின் மகள். "அன்ரி, அம்மா போயிட்டா. விடியக்காலமை. நித்திரையிலதான்." கரண்டி கையில் இருந்தது. பாட்டி வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தார். மிச்சத்தையும் ஊட்டி முடித்துவிட்டு, துணிகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜெர்மனியின் ஹம் நகரத் தமிழர்களில் பலருக்கு அவர் கோயில் திருவிழாவில் பந்தியை அதட்டி உட்காரவைக்கும் பவானி அக்கா. பதினான்கு வருடம் அவரோடு ஒரே பிரிவில் வேலை செய்த எனக்கு, அவர் அமெரிக்காவைக் காரில் குறுக்கே கடக்கத் திட்டம் போட்டவர். அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். மற்ற அக்காவைப் பற்றி நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள்.

திட்டம் எங்கள் இடைவேளை அறையில், பழைய வேலை அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தில் தொடங்கியது. சிக்காகோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை. விமானம், கார், பெற்றோல், படுக்கை, சாப்பாடு, எதிர்பாராதது என்று வரிசையாக எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலே, அடிக்கோடு போட்டு, 'லீவு' என்று எழுதினார். ஒரே பிரிவில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் மூன்று வாரம் விடுப்பு எடுக்க எங்கள் இல்லத்தில் விடமாட்டார்கள். அக்கா அதற்கும் வழி வைத்திருந்தார். மூன்று வருடம் நத்தார் இரவும் புதுவருடமும் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். ஜெர்மன் தோழிகள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் சோடித்துக் கொண்டாடினார்கள். "அவையின்ர நத்தார் எங்களுக்கு வேலை நாள். எங்கட லீவு அவைக்கு வேலை நாள். ஆருக்கும் நட்டமில்லை," என்றார். நான்காம் வருடம் செப்டெம்பரில் மூன்று வாரம் கேட்டபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

அந்தத் தாளோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, படுக்கைச் செலவைப் பார்த்து என் கணவர் சிரித்தார். சிக்காகோவில் எங்கள் சொந்தம், கலிபோர்னியாவில் சொந்தம், வழியில் டெக்சாஸிலும் சொந்தம். பிறகு எதற்கு மோட்டலுக்குக் காசு? அக்கா பேனாவை எடுத்தார்.

"ஒரு வீட்டை வெறுங்கையோட போகேலுமே தம்பி? பிள்ளைக்கு ஒரு பவுன் மோதிரம். தாய்க்கு ஒரு சீலை. டெக்சாஸ் சொந்தம் இருக்கிறது எங்கட றோட்டிலை இல்லை, போக ஒரு நாள், வர ஒரு நாள். சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும் எண்டு அரை நாள். பக்கத்துத் தெருவிலை சின்ன மாமி இருக்கிறா, அங்கை போகாட்டில் கோவம்."

கூட்டிப் பார்த்தால் மோட்டல் பாதி விலை. கணவர் தோல்வியை ஒப்புக்கொண்டு தேநீர் போடப் போனார்.

அவர் உள்ளே போன பிறகுதான் அக்கா இந்தப் பயணத்தின் உண்மையான காரணத்தைச் சொன்னார். அகதி வழக்கு நடந்த காலத்தில், தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் அவர் வெளியே போக முடியாது. தங்கையின் கல்யாணம் பிராங்ஃபேர்ட்டில். "அனுமதி கேட்டு அன்ட்ராக் போட்டனான், பதில் வரேல்லை. கலியாணம் பதிலுக்கு நிக்குமே? றெயின் ஏறினன். வழியிலை பொலிஸ். ஏன் போறாய் எண்டு கேட்டவன். தங்கச்சியின்ர கலியாணம் எண்டன். அந்தக் காரணம் காணாதாம்." பொலிஸ் போட்ட தண்டத்தை ஒரு உணவக அடுக்களையில் பாத்திரம் கழுவி, தவணை தவணையாகக் கட்டினார். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "எட்டு மாநிலம் சுகந்தி. ஒரு அன்ட்ராக்கும் இல்லை."

அந்தத் தாளில் என் பெயரும் இருந்தது. கார் என்ற தலைப்பின் கீழ் எட்டு மாநிலங்களின் பெயர். முதல் நாலுக்கு நேரே 'நான்', மற்ற நாலுக்கு நேரே 'சுகந்தி'. நாலையும் இரண்டுதரம் எண்ணிப் பார்த்தேன். லைசென்ஸ் எடுத்துப் பதினேழு வருடம். சூப்பர்மார்க்கெட்டைத் தாண்டிக் கார் ஓடியதில்லை, ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியதே இல்லை. கடைக்குப் போவதென்றாலும் "போகட்டே?" என்று வீட்டில் கேட்டுவிட்டுத்தான் போவேன். என் கணவர் ஒருநாளும் தடுத்ததில்லை. கேட்கிற பழக்கம் என்னுடையது. நாலு மாநிலம் என்றதை அக்காவின் பகிடி என்று நினைத்துக்கொண்டேன்.

பகிடி இல்லை. இல்லினோய், மிசூரி, கன்சாஸ், ஒக்லஹோமா முழுவதும் அவரே ஓடினார். இதற்கிடையில் ஹம்மிலிருந்து காவிக்கொண்டு போன றைஸ் குக்கர் அமெரிக்க மின்சாரத்தில் இரண்டு மணித்தியாலம் சுடுதண்ணீரில் அரிசியை ஊறவைத்தது. அவ்வளவு கணக்குப் போட்டவர் வோல்டேஜை மறந்துவிட்டார். சாப்பாட்டுச் செலவு இரட்டிப்பானது. டெக்சாஸ் எல்லைக்குச் சற்று முன் ஒரு தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, சாவியை என் மடியில் வைத்தார்.

"எனக்கு ஏலாது அக்கா."

"நேர் றோட்டு. திருப்பவே தேவையில்லை. ஓடும்."

ஏறினேன். லொறிகள் வீடுகள் நகர்வதுபோல் பக்கத்தில் போயின. அக்கா ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். இவ்வளவு நம்பிக்கையா என்று நெஞ்சு நிறைந்துபோய், முதுகு நிமிர்ந்து, நூற்றெண்பது மைல் ஓடினேன். நியூ மெக்சிகோவில் கோப்பி குடிக்கும்போது, என்னை நம்பித் தூங்கியதற்கு நன்றி சொன்னேன். "நித்திரை எண்டு ஆர் சொன்னது? பயத்திலை கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்," என்றார்.

அடுத்த நாள் வேகம் கூடியதற்காக ஒரு பொலிஸ்காரர் எங்களை நிறுத்தினார். அவர் கேட்காமலே அக்கா கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டு, மோட்டல் பதிவு, எங்கள் இல்லத்தின் விடுப்புக் கடிதம் எல்லாவற்றையும் மடியில் பரப்பிவிட்டார். அந்தக் கடிதம் ஜெர்மனில் இருந்தது. பொலிஸ்காரர் என் லைசென்ஸை மட்டும் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, மெதுவாகப் போகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தாள்களை ஒவ்வொன்றாக மடித்தார். பிறகு சொன்னார்: "எங்கை போறீங்கள் எண்டுதான் கேட்டவன். ஏன் போறீங்கள் எண்டு கேக்கேல்லை." சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பசிபிக் கடலில் கால் நனைத்தோம். நோய் வந்தது அதற்கு அடுத்த வருடம். மகளின் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தபோதும், நோர்வேக்குப் போகப் படகுக்கு எவ்வளவு, பெற்றோலுக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இறுதிக் கிரியை வெள்ளிக்கிழமை கொலோனில். கணவருக்கு அன்று வேலை. லீவு எடுத்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். வேண்டாம், நானே ஓடுகிறேன் என்றேன். ஆட்டோபானில் மழை. மூன்று லேன்களிலும் லொறிகளின் தண்ணீர்ப் புகை. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஓடினேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "ஆரோட வந்தனீங்கள் அன்ரி?" என்று கேட்டாள். "தனியத்தான் பிள்ளை," என்றேன்.

எல்லாம் முடிந்து புறப்படும் நேரம் வந்தது. செத்த வீட்டில் "போயிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவது எங்களிடம் வழக்கமில்லை. அதனால் யாரிடமும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், காரை எடுத்தேன். பவானி அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். இதை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.