வெறும் பெட்டிகள்

கனடாவில், ஸ்காபரோ கடையொன்றில் அம்மாவோடு நிற்கிறேன். பளபளக்கும் தாளில் சுற்றி, சிவப்பு ரிபன் கட்டிய மூன்று பரிசுப் பெட்டிகள் நாற்பது டொலராம். உள்ளே ஒன்றுமில்லை, நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரத்தின் கீழே அழகுக்கு வைப்பதற்காம். காற்றை விற்கிறார்கள், அதற்கும் வரி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். தாள் சரசரத்தது.

அதே சரசரப்பு. இலங்கையில், ஊரில் சண்டை முடிந்த வருடத்து நத்தார்; இங்கே மல்வேர்னில் நாங்கள் இருந்த வீடு; எனக்கு எட்டு வயது. எங்கள் பிளாஸ்டிக் மரத்தின் கீழே ஐந்து பெட்டிகள் இருந்தன. விடியும்வரை பொறுக்காமல் ஒன்றைக் கிழித்தேன். வெறும் கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி. அடுத்தது சப்பாத்துப் பெட்டி, அதுவும் வெறுமை. "பொய்க்காரி!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"மாமா அங்க அகதி முகாமுக்குள்ள கிடக்கிறார், பிள்ளை. இந்த முறை காசெல்லாம் அவருக்குத்தான் அனுப்பினனான். மரத்துக்குக் கீழ ஒண்டுமில்லாட்டி நீ அழுவாய் எண்டுதான்…"

நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

"வெறும் பெட்டிக்கு நாற்பது டொலரோ? அநியாயம், அம்மா!" நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. அம்மா மட்டும் பெட்டியின் மடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நானும் உப்பிடி வடிவாச் சுத்தியிருந்தா, நீ அண்டைக்குக் கிழிச்சிருக்க மாட்டாய், என்ன?"