அரிசிக்கு டயப்பர் கட்டிய காலை

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை மணி 6.20. விடியுமுன் பிடித்த மழை தூறலாக இளைத்திருந்தது. கூடத்தில் ஸ்பிரிங்கில் தொங்கிய சாரோங் துணித் தொட்டிலின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். ஈரம். தொடர்ந்து பதினோராவது காலை.

என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கையும் வந்தது. மருமகனின் அக்காள். தீபாவளிக்கென்று சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்து தங்கியிருந்தாள். சாரோங்கைத் தொட்டவள், பிறகு குழந்தையின் முதுகைத் தொட்டாள்.

“ஐஸ் மாதிரி இருக்கு மாமா, பிள்ள முதுகு.”

“இப்பதாம்மா நனைஞ்சிருக்கு.”

“நேத்தும் இப்பதான்னீங்க. பிள்ளைக்கு நாளெல்லாம் இப்பதானா?”

என் மகளுக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. மாலை ஐந்தரைக்குப் போனால் காலை எட்டுக்கு வருவாள். மருமகன் வடக்கே லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு இரவு வீட்டில் இருந்தால் அதிகம். என் மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து இந்த வீட்டில் இரவில் இரண்டே பேர்: எழுபத்திரண்டு வயதில் நான், ஒன்பது மாதத்தில் பேத்தி.

“நான் தூக்கிட்டுப் போறேன் மாமா. எங்க வீட்டுல பாக்க ஆளு இருக்கு. நீங்க ஒண்டி ஆம்பள. இது உங்களுக்கு ஆகுற காரியமா?”

அவள் கெட்டவள் அல்ல. குழந்தையின் இடுப்புக்குக் கீழே சிவந்த தடிப்பு இருந்ததை நானும் பார்த்தேன். ஆனால் சுங்கை ஆயர் தாவார் ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே போய்விட்டால் தாய் பிள்ளையை வாரத்தில் ஒரு நாள் பார்ப்பாள். நான் அதுவும் பார்க்க மாட்டேன்.

“முப்பதாந்தேதி வரைக்கும் டைம் கொடும்மா. அன்னைக்கும் ஈரமா இருந்தா நானே கார்ல கொண்டாந்து விடுறேன்” என்றேன்.

“முப்பதாந்தேதி காலையில வந்து நிப்பேன். பேச்சு மாறக் கூடாது.”

எட்டு மணிக்கு வந்த மகள் காலணியைக் கழற்றாமலே இதைக் கேட்டாள். “அண்ணி சொல்றதுலயும் நியாயம் இருக்குப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தியதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போதே முடிவு செய்துவிட்டேன். பிள்ளை போகாது.

ஆளுக்கொரு யோசனை வந்தது. மருமகன் தைப்பிங்கிலிருந்து போனில் சொன்னார்: “இருக்கறதுலயே வெல கூடுனத வாங்குங்க மாமா, சரியாப் போயிரும்.” தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது வேலையாட்களை மேய்த்த பழைய மண்டோர் ஒருவர் கோப்பிக் கடையில் வைத்துச் சிரித்தார்: “என்னா கிராணி, நம்ம பிள்ளைங்கள்லாம் துணியில வளரலயா? கிழிச்சுக் கட்டி விடுங்க லா!”

“தொவச்சது யாரு? நீங்களா?” என்று கேட்டேன். நானும் யோக்கியனில்லை. மூன்று பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது இருபது துணி. தோட்டத்து லய வீடுகளின் பொதுக் குழாயடியில் என் மனைவி துவைத்ததில் ஒன்றைக்கூட நான் பிழிந்ததில்லை. அந்தக் காலத்துத் துணியைப் புகழ்கிற ஆண்களை நான் இனி மதிக்கப் போவதில்லை.

முதல் காரியமாகச் சமையலறைத் தராசை எடுத்தேன். காய்ந்த டயப்பர் 34 கிராம். காலையில் கழற்றியது 296 கிராம். ஐந்து நாள் நிறுத்துப் பார்த்ததில் இரவு ஒன்றுக்கு 240 முதல் 290 வரை ஏறியது. சாரோங்கில் போனது தனி. எவ்வளவு தாங்க வேண்டும் என்று தெரியாமல் எதைத் தேர்ந்தெடுப்பது? பாக்கெட்டில் பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. யாருடைய பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதவில்லை.

பட்டணத்துக் கடையில் இருந்த பெண் கேட்டாள்: “பேபி எத்தன கிலோ அங்கிள்?”

“எட்டுக் கிலோ நானூறு.”

“அப்ப எம்மும் போடலாம், எல்லும் போடலாம். ரெண்டுலயும் வரும்.”

“ரெண்டுலயும் வந்தா எதுக்கு ரெண்டு சைஸ்?”

அவள் சிரித்துவிட்டாள். “பகலுக்கு எம், நைட்டுக்கு எல் போடுங்க அங்கிள். பெருசுன்னா கூடப் பிடிக்கும். தொடையில இருக்கற சுருக்கத்த விரலால வெளிய இழுத்து விடணும், உள்ள மடங்கி இருந்தா ஒழுகும். முதுகுப் பக்கம் லாஸ்டிக் இருக்கான்னு பாருங்க.”

நான்கு வகை, நான்கும் எல். வீட்டுக்கு வந்து மேசைமேல் வரிசையாக விரித்துப் போட்டேன். கறை தெரிய வேண்டும் என்பதற்காகப் பாலில்லாத தேநீரை வெதுவெதுப்பாக ஆற்றி, முந்நூறு மில்லி அளந்து ஊற்றினேன். விலை கூடியது தொடைப்பக்கம் கசிந்தது. மலிவானது நடுவில் கட்டியாகித் திரண்டது. மூன்றாவது மேலெல்லாம் ஈரமாகவே நின்றது. நான்காவது, ஆரஞ்சு நிறப் பாக்கெட், முழுவதையும் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. கையை வைத்து அழுத்தினேன். விரலில் ஒன்றும் இல்லை.

அன்று இரவு அதைத்தான் கட்டினேன். காலையில் சாரோங் ஈரம்.

மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும். அந்தப் பாக்கெட்டை வாசலுக்கு வெளியே எறிய வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து தொட்டிலைப் பார்த்தேன். மேசை தட்டை; தொட்டில் தட்டையில்லை. சாரோங்குக்குள் குழந்தை கால் மேலே, தலை மேலே, இடுப்பு பள்ளத்தில் என்று வளைந்து கிடக்கிறது. மொத்த எடையும் டயப்பரின் முதுகுப் பக்கத்தில் உட்காருகிறது. நான் மேசைக்குத் தேர்ந்தெடுத்திருந்தேன், தொட்டிலுக்கு அல்ல.

21ஆம் தேதி காலை, குழந்தை பாயில் விளையாடிக்கொண்டிருந்தபோது, ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று, ஒரு கிலோப் பை மூன்று, நானூறு கிராம் பருப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, பிளாஸ்டிக்கில் சுற்றி, ஆரஞ்சு பாக்கெட் டயப்பரை மாட்டித் தொட்டிலில் கிடத்தினேன். புனலில் ரப்பர் குழாயைச் செருகி டயப்பருக்குள் எண்பது மில்லி தேநீர் விட்டேன். அரை மணி கழித்து இன்னொரு எண்பது. நான்கு தடவை. லேசாக ஆட்டியும் விட்டேன். தேநீர் எல்லாம் நான் நினைத்தபடியே முதுகுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஆனால் சாரோங்கில் ஒரு சொட்டு இல்லை.

அப்போதுதான் மகள் வேலையிலிருந்து வந்தாள். பாயில் குழந்தை, தொட்டிலில் அரிசி. பையை மாட்டிய தோளோடு அப்படியே நின்றாள்.

“என்னப்பா இது?”

“எட்டுக் கிலோ நானூறு.”

“சரி, ஆட்டிக்கிட்டு வேற இருக்கீங்க!” நான்கு மாதமாக அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அரிசிக்கு ஒரு கறுப்புக் கயிறும் கட்டி விடுங்கப்பா. எங்க அண்ணி பாத்தா கண்ணு பட்டுறப் போகுது.”

நான் சிரிக்கவில்லை. அரிசியிடம் இல்லாதது, குழந்தையிடம் இருப்பது என்ன என்றுதான் அந்த நிமிடம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தது. பிறந்த முப்பதாம் நாள் மருமகனின் அக்காள் கட்டிவிட்ட கறுப்புப் பருத்திக் கயிறு. முடிச்சுக்குக் கீழே இரண்டங்குலம் வால். டயப்பரை மாட்டும்போது கயிறு உள்ளே போகும், வால் முதுகுப் பக்கம் வெளியே வரும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதை எழுபது வருடமாகப் பார்க்கிறேன், இதைப் பார்க்கவில்லை.

சாமி மாடத்திலிருந்த கறுப்புக் கயிற்றுக் கண்டிலிருந்து ஒன்றரை முழம் வெட்டினேன். அரிசியின் இடுப்பில் கட்டி, வாலை வெளியே விட்டுப் புது டயப்பர் மாட்டி, மறுபடி தேநீர். மூன்றாவது ஊற்றுக்குப் பிறகு, இருபத்தைந்தாவது நிமிடம், சாரோங்கில் பழுப்பாக ஒரு வட்டம் விரிந்தது. மகள் அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். குழந்தை நனைந்த அதே இடம்.

“அவுத்துரலாமா?” என்றேன்.

“அண்ணி கேட்டா?”

“கேக்கட்டும்.”

சொல்லிவிட்டேனே தவிர, முடிச்சில் நகத்தை வைத்தபோது எனக்கும் மனம் ஒப்பவில்லை. என் மூன்று பிள்ளைகளும் கயிறு இல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை. காய்ச்சல் வந்தால் என்மேல் வரும் பழியை நானே சுமக்க வேண்டும். இருந்தாலும் அவிழ்த்தேன். ஈரம் ஏறி இறுகிப்போன முடிச்சு. நான்கு நிமிடம் ஆனது.

22ஆம் தேதி காலை சாரோங் காய்ந்திருந்தது. 23, 24 இரண்டும் அப்படியே. 25 ஈரம்: எல் தீர்ந்து எம் போட்டது என் குற்றம். அதன் பிறகு ஐந்து காலையும் காய்ச்சல்கார நெற்றி மாதிரி வெதுவெதுவென்று உலர்ந்து கிடந்தது தொட்டில். தடிப்பும் மறைந்தது.

முப்பதாம் தேதி ஏழே முக்காலுக்கு மருமகனின் அக்காள் வந்தாள். குழந்தையின் துணிகளுக்கென்று ஒரு பெரிய பை கையில் இருந்தது. காலை வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகத் தொட்டிலுக்குப் போய் அடியில் கை வைத்தாள். முதுகைத் தொட்டாள். சட்டையைத் தூக்கினாள். அங்கேதான் நின்றாள்.

“கயிறு எங்க?”

“அவுத்துட்டேன்.”

“யாரக் கேட்டு அவுத்தீங்க?”

“யாரையும் கேக்கல.”

“பொம்பளப் பிள்ள மாமா! வெறும் இடுப்போட போட்டு வச்சிருக்கீங்களே, நாலு பேரு பாத்தா என்னா சொல்லுவாங்க?”

“டயப்பருக்குள்ள எந்த நாலு பேரு பாக்கறாங்க?”

நான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவளிடம் நீட்டினேன். கழுவாமல் வைத்திருந்த கயிறு. “நீ கட்டுனதுதாம்மா. மோந்து பாரு.”

பையைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். எட்டு மாத மூத்திரம். அத்தனை இரவும் அது குழந்தையின் தோலோடு கிடந்தது. அரிசிக்குக் கட்டிப் பார்த்ததையும், கயிறு உள்ளேயிருந்து வெளியே எப்படி இழுத்தது என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவள் பையை முடிச்சுப் போட்டுக் கீழே வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலை முடிந்து வந்த மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை.

“கட்டுனது நான்தான்” என்றாள் மருமகனின் அக்காள். “ஆனா கயிறில்லாமப் பிள்ள இருக்கக் கூடாது. வெள்ளியில கொடி வாங்கிப் போடுங்க. அது ஈரம் இழுக்காதுல்ல?”

“இழுக்காது.”

“நீங்கதான் வாங்கணும். அவுத்தது நீங்க.”

“வாங்கறேன். பிள்ள?”

அவள் என்னைப் பார்க்காமல், வாசலில் நின்ற மகளைப் பார்த்துச் சொன்னாள்: “ஏன் நிக்கிற, உள்ள வா. பிள்ளைக்குப் பசிக்கப் போகுது.”

கொண்டுவந்த பையை வெறுமையாகவே எடுத்துக்கொண்டு போனாள். சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்: கிழவன் அரிசிக்குத் தாலாட்டுப் பாடுகிறான். பாடவில்லை. ஆட்டினேன், அவ்வளவுதான். சொல்லட்டும். கொடியை நான் வாங்கியது கண்ணேறுக்குப் பயந்து அல்ல. பிள்ளை இங்கே இருப்பதற்கு அவள் கேட்ட விலை அது, அதைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை கோலசிலாங்கூரில் கொடியை வாங்கினேன். 198 ரிங்கிட். நான்கு வகை டயப்பர் 143 ரிங்கிட் 20 சென், தேயிலை 6 ரிங்கிட் 80 சென். ஆக மொத்தம் 348 ரிங்கிட்.